மேல்மூடி

சத்துமாவுப் பெட்டியின் அச்சுக்கு முந்தைய புரூஃப் எல்லார் கையும் பட்டு, ஓரம் நைந்து, கடைசியில் சுந்தரவல்லியின் மேசைக்குத் திரும்பி வந்தது. இன்னும் பெட்டியாகவில்லை. விரித்த தாள்தான். நடுவில் நான்கு பக்கங்கள் வரிசையாக இருந்தன. மேலேயும் கீழேயும் மூடிகள் காது போல நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தில் கையெழுத்துகள். விற்பனை மேலாளர் சாம்பசிவன், "பார்த்தேன்." தயாரிப்புப் பிரிவு, "பார்த்தேன்." மாவைப் பார்த்தே இராத கணக்குப் பிரிவும்கூட "பார்த்தேன்."

"சரி" என்று ஒருவரும் எழுதவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சுந்தரவல்லிக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ஞானம்மாள் பல்பொடி டப்பாவின் புரூஃபில் "சரி, அச்சடிக்கலாம்" என்று எழுதினாள். ஐம்பது கிராம் ஐந்நூறு கிராமாக அச்சாகி வந்தது. அந்தத் தாளையும் எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆனால் சரி என்றவள் ஒருத்திதான், வேலையை விட்டுப் போனவளும் அவள்தான். அன்றிலிருந்து பல்லாவரத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் யாருடைய பேனாவும் "பார்த்தேன்" என்பதைத் தாண்டி எழுதுவதில்லை.

சுந்தரவல்லிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலேறி வந்து அவள் செய்வதெல்லாம் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். சாம்பசிவன் சொல்வதைப் பம்மலில் இருக்கும் ஓவியர் ராஜகோபாலிடம் சொல்வாள். ராஜகோபால் வரைந்ததை மாவு அடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோவாள். அவர்கள் முணுமுணுப்பதைச் சிவகாசி அச்சகத்தின் ஏஜென்ட் ஜெயக்கொடியிடம் சொல்வாள். அவளாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

இந்தப் பெட்டியில் முதலில் குழந்தைப் படம் முதல் பக்கத்தில் இருந்தது. மேல்மூடி அந்தப் பக்கத்தோடு ஒட்டியிருந்தது. கடைசி நேரத்தில் சாம்பசிவன் அதை மாற்றச் சொன்னார்.

"மூடியைத் திறந்தா குழந்தை மூஞ்சி மேல வந்து விழறதும்மா. படத்தை அந்தாண்டை பக்கம் போடச் சொல்லுங்கோ. மூடி பின்னாலேர்ந்து திறக்கட்டும்."

அவள் போய்ச் சொன்னாள். ராஜகோபால் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "படத்த அங்க போடணும், எழுத்த இங்க போடணும், அவ்ளோதானே. அடுத்த தபா கொழந்தையே வாணாம்பாரு, பாத்துக்கினே இரு" என்று சிரித்தார். மாற்றியும் கொடுத்தார்.

மாற்றியபின் வந்த புரூஃபில் கடைசிக் கையெழுத்து பேக்கிங் பிரிவின் கங்கையம்மாளுடையது. மாவு படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சாம்பசிவன் சார் போட்டுகீறாரா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்காரு."

"அப்ப நான் இன்னா கண்டேன். குடு."

இப்போது ஜெயக்கொடி எதிரில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக் காத்திருந்தார். தாம்பரத்தில் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நாளை மறுநாளிலிருந்து அச்சகத்தில் காலண்டர் வேலை. அது தொடங்கிவிட்டால் பொங்கல் முடியும்வரை வேறு எதற்கும் இயந்திரம் கிடைக்காது. முதலாளி கோயம்புத்தூரில் இருந்தார். சாம்பசிவன் பாரிமுனைக்குக் கடைக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார்.

"எல்லாரும் பாத்தாச்சுல்ல மேடம்? குடுங்க, கிளம்புறேன்."

சுந்தரவல்லி தாளைச் சுருட்டப் போனாள். மூடியில் மாவின் பெயர் நேராகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூடி இப்போது பின்பக்கத்தைச் சேர்ந்தது. பின்னாலிருந்து முன்னால் வந்து கவிழும். மனதுக்குள் மடித்துப் பார்த்தாள். ஒரு முறை எழுத்து நேராக வந்தது, அடுத்த முறை தலைகீழாக. கையால் மடித்தால் தெரிந்துவிடும். மடிக்க வேண்டுமானால் வெட்ட வேண்டும். இருப்பது ஒரே புரூஃப். இவ்வளவு பெரிய தாளுக்கு ஜெராக்ஸும் எடுக்க முடியாது.

வெட்டினால் ஓரம் போய்விடும். ஓரத்தோடு கையெழுத்துகளும் போய்விடும். இந்தத் தாள் தவறாக அச்சானால், இத்தனை பேர் பார்த்தார்களே என்று காட்ட அவளிடம் இருப்பது அந்த ஓரம் மட்டும்தான். அது இல்லாவிட்டால் ஞானம்மாளுக்கும் அவளுக்கும் வித்தியாசமில்லை.

கல்யாணத்துக்கு முன் அண்ணன் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தது ஏனோ நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை, "பாத்தியா?" என்று கேட்டான். "பாத்தேன்" என்றாள். அதோடு முகூர்த்தம் குறித்தார்கள். கணவர் மோசமானவர் இல்லை, அவளுக்கு அவர்மேல் வருத்தமும் இல்லை. ஆனால் எதிலாவது மனம் கசந்த நாட்களில், நான் சரி என்று சொல்லவே இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. குற்றமெல்லாம் வேறு யாருடையதோ ஆகிவிடும் சுகம். இந்த ஓரத்தில் எழுதியிருக்கும் அத்தனை பேரும் அதே சுகத்தைத்தான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"மேடம், என்ன செய்றீக?" ஜெயக்கொடி எழுந்தேவிட்டார்.

கையெழுத்துகள் நீளக் கீற்றுகளாகத் தரையில் விழுந்தன. மடிப்புக் கோடுகளில் ஸ்கேலை வைத்து அழுத்தினாள். ஒட்டும் விளிம்பில் பசை தடவினாள். மூடியைக் கவிழ்த்துப் பெட்டியை மேசையில் நிறுத்தினாள். குழந்தை ஜெயக்கொடியைப் பார்த்துச் சிரித்தது. அதன் தலைக்குமேல் மாவின் பெயர் தலைகீழாக நின்றது.

ஜெயக்கொடி பெட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பார்த்தார். திரும்பவும் இந்தப் பக்கம் வந்தார். "தாள்ல நேராத்தானே இருந்துச்சு" என்றார்.

"மூடி இப்ப பின்னாலருந்து கவிழுது, தாள்ல நேரா இருந்தா பெட்டியில தலைகீழாத்தான் வரும். படத்தை மாத்தினோம், மூடி எழுத்தை மறந்துட்டோம். அந்த எழுத்தை மட்டும் திருப்ப முடியுமா?"

"அச்சுப் பிலிமை வெட்டித் திருப்பி ஒட்டுனா ஆச்சு. அரை மணி வேலை. அது இல்ல மேடம் விஷயம்." அவர் உட்கார்ந்தார். "அச்சாபீஸ்ல விரிச்ச தாளைத்தான் பாப்பாக. மூடியில எழுத்து தலைகீழாக் கெடந்தா, எந்தக் கிறுக்கன் பாத்த வேலை இதுன்னு நேராக்கி அடிச்சிருவாக. வேணும்னுதான் இப்படி இருக்குன்னு ஒருத்தர் எழுதித் தரணும். பார்த்தேன் கீர்த்தேன்னு எழுதினா எங்க ஆளுக மிஷினை ஓட்ட மாட்டாக."

"சாம்பசிவன் சார் வர நேரமாகும்."

"பஸ்ஸு நிக்காதே."

அவள் பேனாவை எடுத்தாள். பெட்டியின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. "மேல்மூடி எழுத்து விரித்த தாளில் தலைகீழாக இருக்க வேண்டும். மற்றவை சரி. அச்சடிக்கலாம்" என்று எழுதினாள். எப்போதும் போடும் சுருக்கக் கையெழுத்தை விட்டுவிட்டு முழுப் பெயரையும் போட்டாள். எழுத்து கோணலாகவில்லை.

ஜெயக்கொடி பெட்டி நசுங்காமல் இருக்க, பையிலிருந்த துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

சாம்பசிவன் விளக்கு போடும் நேரத்தில் வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு துடைப்பதை நிறுத்தினார்.

"தலைகீழா அடிக்கச் சொன்னேளா?"

"விரிச்ச தாள்ல சார். மடிச்சா நேரா வரும்."

"எங்கே, காட்டுங்கோ."

"பெட்டியை ஏஜென்ட் கொண்டுபோயிட்டாரு."

"நாங்க எல்லாம் கையெழுத்துப் போட்ட தாள்?"

அவள் கீற்றுகளை அள்ளிப் போட்டிருந்த குப்பைக்கூடையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கீற்று ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் அவர் எழுத்துத்தான் இருந்தது.

"அத்தனை டீலர்ட்டயும் பொங்கலுக்கு வந்துடும்னு சொல்லிட்டு வரேன். கோணலா வந்தா முதலாளிகிட்ட யார் போய் நிக்கறது?"

"நான்தான் சார். என் பேரைத்தான் எழுதியிருக்கேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் கிடந்த ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஒரு மூலையில் ஏதோ எழுதி, மடித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி பிரித்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்தார்.

"வந்தப்புறம் பாக்கலாம். ஆனா ஒண்ணு. இனிமே எங்கிட்ட கேக்காம எதையும் மாத்தப்படாது."

"சரி சார்" என்று வாய்வரை வந்துவிட்டது. பழக்கம்தான். சுந்தரவல்லி அதை விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க இருந்தா கேக்கறேன் சார். இல்லாத அன்னிக்கு மாத்திட்டுத்தான் சொல்வேன்."

அவர் தாம்பரம் ரயிலுக்கு நேரமாகிறதே, கிளம்பவில்லையா என்று மட்டும் கேட்டார்.