அக்காவுக்கு உதடு தெரியணும்

தறிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்ற காது எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? ஐம்பது வயசிலேயே அக்காவுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதற்காக அவள் யாருடைய பேச்சையும் தவற விட்டவள் இல்லை. தறிகள் ஓடும்போது அந்தக் கூடத்தில் எவனுக்கும் எதுவும் கேட்காது. உதட்டைப் பார்த்தேதான் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் சூப்பர்வைசரை அக்கா கோடியிலிருந்து திட்டுவாள். கூடமே சிரிக்கும். அந்த மனுஷனுக்கு மட்டும் சங்கதி தெரியாது.

தம்பி அதே மில்லில் மெக்கானிக். அம்மா போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். இவனுக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, அவளுக்கும் இல்லை. இரண்டு அறை வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் துணை. பஞ்சுத் தூசி அவள் நெஞ்சைப் பாதி தின்றிருந்தது; வேலையை விட்டு வீட்டோடு இருந்தாள். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். மூன்று இடத்திலும் படி கட்டினவனைத் திட்டிவிட்டுத்தான் ஏறுவாள்.

ஒரு திங்கட்கிழமை, ஒரு தறிக்காரனுக்கு வைரஸ் என்று உறுதியானது. அவனோடு நின்றவர்களை மில் நர்ஸ் கூப்பிட்டு அனுப்பினாள். தம்பியும் போனான்.

"நீ அவன்கிட்ட எவ்வளவு நேரம் நின்ன?"

"தறி மாட்டிக்கிச்சு சிஸ்டர். ஒரு மணி நேரம் இருக்கும்."

"மாஸ்க்?"

அவன் தாடையைத் தொட்டுக் காட்டினான். தறிக்கூடத்தில் மாஸ்க்கை மூக்கில் மாட்டினால் ஊமையாகிவிட வேண்டியதுதான். அங்கே எல்லாருக்கும் அது தாடையில்தான் தொங்கும்.

"சரி, வீட்டுக்குப் போ. தனி ரூம்ல இரு, ஜன்னலத் திறந்து வை. தட்டு, டம்ளர் எல்லாம் தனி. அஞ்சாம் நாள் வந்து டெஸ்ட் எடு. காய்ச்சல் இல்லையேன்னு அலட்சியமா இருக்காத, ஒண்ணும் தெரியாதப்பவே பரவும். வீட்ல யாரு இருக்கா?"

"அக்கா. நெஞ்சு சரியில்ல அவளுக்கு."

"அப்போ அவங்க முன்னாடி மாஸ்க்கை எடுக்கவே எடுக்காத. புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். புரியாதவன் செய்திருந்தால் மனசு ஆறும்.

சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். உள்ளறையில் அடைந்து கதவைச் சாத்திக்கொண்டான். விஷயத்தைத் தாளில் எழுதிக் கதவடியில் தள்ளினான். இரண்டாம் வகுப்போடு நின்றவள் அக்கா, "என்னடா இது, கோழி கிண்டின மாதிரி?" என்று திருப்பித் தள்ளிவிட்டாள். கீழ்வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, தள்ளி நின்று அக்காவிடம் சொல்லச் சொன்னான். அவரும் வாசலில் நின்று கத்திப் பார்த்தார். அவருக்கோ உதடே தெரியாத அளவுக்கு மீசை.

மூன்றாம் நாள் காலை கதவுக்கு வெளியே அக்கா அழுதாள். "எனக்குத் தெரியும்டா. ஏதோ பெரிய வியாதி, மறைக்கிற. நீ சொல்ற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாது." மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

அவன் மாஸ்க்கோடு கதவைத் திறந்து, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பார்த்தான்.

"துணிக்குள்ள என்னடா முனகுற?"

விரல் தானாகப் போய் மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்தது. வருஷக்கணக்கான பழக்கம் அது.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பயப்படாத. ரெண்டு நாள்தான்."

அங்கே வெளிச்சம் போதாது. கிட்டே வந்து, முகத்தோடு முகம் வைத்து, இன்னும் இரண்டு தடவை சொல்ல வைத்துப் பார்த்துக்கொண்டாள். "இதைச் சொல்ல மூணு நாளாடா தடியா?" என்று கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். அன்றைக்கு அவனுக்கும் நிம்மதியாக இருந்தது. அடப்பாவி, நிம்மதியாக இருந்தது.

ஐந்தாம் நாள் டெஸ்ட்டில் அவனுக்கு வைரஸ் இருந்தது. இரண்டு நாள் இருமல், அவ்வளவோடு அவனை விட்டுவிட்டது. அக்காவைப் பிடித்தது விடவில்லை. காய்ச்சல் வந்த நாலாம் நாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே டாக்டர், நர்ஸ், துடைக்கிறவர் எல்லாருக்கும் பாதி முகம் மூடியிருந்தது. என்ன ஊசி, எதற்கு, எத்தனை நாள் என்று ஒரு வார்த்தைகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

தனிமை நாட்கள் முடிந்ததும் அவன் ஓடினான். கண்ணாடிக்கு வெளியே, வராந்தாவில் நிற்க விட்டார்கள். சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது: என்னாலதான்க்கா, மன்னிச்சிடு. வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்திருந்தான். வராந்தாவில் வேறு யாரும் இல்லாததால், ஒரு நிமிஷம் மாஸ்க்கை இறக்கிக்கொள்ள நர்ஸ் சம்மதித்தாள்.

இறக்கினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு முழு முகத்தைப் பார்த்த அக்காவுக்குக் கண் மலர்ந்தது. அவன் "அக்கா" என்பதற்குள், பதில் சொல்ல ஆக்சிஜன் மூடியைக் கழற்றிவிட்டாள். அவனுக்கும் தன் உதடு தெரிய வேண்டுமே!

"சாப்பிட்டியா?" என்றாள்.

மெஷின் அலறியது. உள்ளே இருந்தவர்கள் ஓடிவந்து மூடியை மாட்டினார்கள். "பேசாதக்கா, கழட்டாத!" என்று இவன் பதறினான். அதற்கும் பதில் சொல்ல மறுபடி கழற்றினாள். நர்ஸ் இவன் பக்கம் திரும்பினாள். "சார், கையெடுத்துக் கும்பிடுறேன், வாயை மூடுங்க. நீங்க பேசினா அவங்க பேசுறாங்க."

மூடிக்கொண்டான். பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டினான். அவள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்க மறுபடியும் மூடியைக் கழற்றக் கையைத் தூக்கினாள். தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

இரண்டு நாள் அங்கேயே கண்வரை மூடிக்கொண்டு நின்றான். அக்கா அவன் வாய் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தம்பிக்குத் தன் மேல் கோபம் என்று நினைத்திருப்பாளோ? நினைத்திருப்பாள். அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது?

மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனை உள்ளே விட்டார்கள். அவள் முகத்துக்கு நேரே குனிந்து மாஸ்க்கை இறக்கி, நிறுத்தி நிறுத்தி, உதடு தெளிவாகத் தெரியும்படி அவன் சொன்னான். அவள் கண்ணை முன்பே யாரோ மூடியிருந்தார்கள்.