விட்டுப்போன அத்தியாயங்கள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் விரலை உயர்த்தியதும் புத்தகத்தைத் திறந்தேன். நேற்று நிறுத்திய பக்கத்தில் அல்ல, கடைசி அத்தியாயத்தில். எங்கள் வட்டார வானொலியில், பிடித்த புத்தகத்தை மாலையில் நேரலையாக வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்றதும், மருந்துக்கடையில் நாள் முழுக்கக் கத்திய தொண்டையோடு நான் போய் நின்றதே அக்காவுக்காகத்தான்.

எங்கள் வீட்டில் இருந்த அந்த நாவலுக்குக் கடைசி அத்தியாயம் கிடையாது. எந்தப் புண்ணியவான் கிழித்தானோ, அவன் கை விளங்காமல் போக. கணவனைத் தேடிக் கிளம்பிய பெண், ஆற்றங்கரையில் படகுக்காக நிற்பதோடு கதை நின்றுவிடும். அக்கா அதையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "அவ அந்தக் கரைக்குப் போனாளா இல்லையாடி?" என்பாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி விசாரிப்பதுபோல. பழைய புத்தகக் கடையில் முழுப் பிரதி என் கைக்குக் கிடைத்தபோது அவள் படுத்த படுக்கையாகிவிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து படித்துக் காட்டுகிறேன் என்றதற்கு அவள் ஒப்பவில்லை.

"முடிவச் சொல்லித் தொலைச்சிராத. ரேடியோவுல மொதல்லேருந்து படி. ஊரோட சேந்து கேக்குறேன்."

வயிற்றில் புண், ஆறிவிடும் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். எல்லாம் அத்தானின் ஏற்பாடு. டாக்டரின் வாயையே கட்டிப்போட்டிருந்தார் மனுஷன். நேற்று மருந்துக்கடைக்கு வந்தவர், கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"இந்த வாரம் தாண்டாதுங்கறாங்கம்மா. அந்தக் கதைய எப்படியாவது முடிச்சிரு."

மாதக்கணக்கில் படிக்க வேண்டியது பாக்கி இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். மருந்து மயக்கத்தில் கிடப்பவள் எதைக் கவனிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

படித்தேன். படகு வந்தது, அந்தப் பெண் ஏறினாள். இரண்டு இடத்தில் தண்ணீர் குடித்து ஒருவழியாக முடித்தேன். கடைசியில் நேயர்கள் பேசும் நேரம். வழக்கம்போல முதலில் சைக்கிள் கடைக்காரர் வந்தார். கதைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த அழைப்புக்கு வணக்கம் சொன்னேன்.

"நான்தாண்டி."

அக்கா நிகழ்ச்சிக்கு ஒரு நாளும் போன் போட்டவள் இல்லை.

"நடுவுல அத்தனையும் எங்கடி?"

வானொலிக் குரலிலேயே பதில் சொன்னேன், அக்காவிடம்! "நேரம் கம்மியா இருக்குங்க. அதனாலதான்..."

"யாருக்கு?"

ஒலிப்பதிவுக்காரர் ஏதாவது பேசும்படி கையைச் சுழற்றினார். வானொலியில் மௌனம் ஆகாது. நான் புத்தகத்தை மூடி வைத்தேன். போனில் அத்தானின் குரல் கேட்டது, "வச்சிரும்மா, வச்சிரு." அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்று அக்கா அவரை அதட்டினாள். பிறகு என்னிடம், "புண்ணுன்னு சொன்னீங்களேடி எல்லாரும்," என்றாள்.

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா..."

"நான் முடிவக் கேக்கல. காதப் பொத்திக்கிட்டேன். நாளைக்கு விட்ட எடத்துலேருந்து படி. ஒண்ணும் தாண்டக் கூடாது."

"சரிக்கா."

அவள் போனை வைக்கவில்லை. அவள் பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சற்றுத் தாமதமாக அதற்குள்ளிருந்து என் குரல் "சரிக்கா" என்றது. அதன்பின் அவள் மூச்சு மட்டும், ஒரு தடவை போனிலும் இன்னொரு தடவை ரேடியோவிலுமாகக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் இணைப்பைத் துண்டிக்காமல், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.