பதினேழாம் நம்பர் படம்

புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் காத்தமுத்துச் சித்தப்பா போனில் கோல் எடுத்தார். முதல்நாள் விடியக்காலையில் குருவிட்டவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் மலை சரிந்து, கீழ் லயத்து வீடுகள் மொத்தமும் மண்ணுக்குள் போயிருந்தன. காணாமல் போனவர்கள் பதினொரு பேர். பத்துப் பேரை எடுத்துவிட்டார்கள், பத்தும் பிணம். மிச்சம் என் சித்தி மருதாயி மட்டும்.

"புள்ள நிரோஷா, பெக்கோ மெசின ரெண்டு மணிக்கு அடுத்த தோட்டத்துக்குக் கேக்குறாங்களாம். அங்கயும் லயம் மூடிருச்சு. ஆத்துல எடுத்த பொம்பள ஒன்னு ஆஸ்பத்திரியில பேரில்லாம கெடக்குதாம், பதினேழாம் நம்பருன்னு போட்டு. அது ஒன் சித்தின்னா இங்க தோண்ட வேல இல்ல, மெசின் போகட்டும்னு மஹத்தயா சொல்றாரு. இல்லன்னா இங்கயே தோண்டுவாங்க. நா எங்குட்டுப் போய்ப் பாக்குறது? ரோடே இல்லயே. படத்த கொம்பியூட்டர்ல போட்டிருக்காங்களாம். நீதான் பாத்துச் சொல்லணும்."

மெசினோடு வந்திருந்த சிங்கள அதிகாரியைத்தான் மஹத்தயா என்றார். சித்தப்பாவின் குரல் அழுகிற குரலாக இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

ஆஸ்பத்திரி இரத்தினபுரியில்தான், நானும் இரத்தினபுரியில்தான். ஆனால் எங்கள் ஒபிஸுக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர். மாடியில் நானும் கூட வேலை செய்கிற ஸில்மியாவும் இரண்டு நாளாக பிஸ்கட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். பிணங்களின் படங்களைப் போட்டிருந்த சேர்வர் எங்கள் ஒபிஸ் பார்த்துக்கொள்கிறது. இருப்பது கொழும்பில். ஒரு படம் பதினொரு எம்பி. எங்களுக்கு இருந்த சிக்னலோ ஒரே ஒரு கோடு. படத்தை இறக்கப் பார்த்தால் இரண்டு சதவீதத்தில் நின்றுகொண்டு அசையமாட்டேன் என்றது.

எழுத்து மட்டும் போய்வரும். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி அந்த சேர்வருக்குள் நுழைந்துவிடலாம், அதற்குச் செத்த சிக்னலே போதும். அங்கே ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. படத்தை அங்கேயே சுருக்கி, எழுத்து வருகிற இடத்தில் நிறம் நிறமாகக் கட்டம் வைத்து இங்கே அனுப்பும். நூற்றுக்கணக்கான படங்களில் எது எதுவென்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள நாங்கள் வைத்திருந்தது. ஆளை அடையாளம் காட்ட வைத்திருந்தது அல்ல.

17.jpg என்று தட்டினேன். மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக வந்தது. முதலில் சாம்பல் கட்டங்கள், மேசையாக இருக்கும். பிறகு கறுப்பு, தலைமுடி. அடுத்து மண் நிறத்தில் ஒரு இருபது கட்டம். அதுதான் முகம். கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. அப்புறம் வந்ததெல்லாம் கத்தரிப்பூ நிறம். அதற்குள் அங்கங்கே மஞ்சள்.

"என்னா உடுத்தியிருக்கு புள்ள?" என்றார் சித்தப்பா.

முகம் எப்படி என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்கவும் மாட்டார்கள். எட்டத்து மலையில் கொழுந்து பறிக்கிறது யார் என்று நாங்கள் முகத்தை வைத்தா சொல்கிறோம்? தலையில் லேஞ்சித் துணி, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. நிறத்தை வைத்துத்தான் சொல்வோம். கங்காணிகூட, "ஏய் பச்ச லேஞ்சி, நெரைய விட்டுட்டு எங்க போற?" என்றுதான் சத்தம் போடுவார். பச்சை லேஞ்சிக்காரி திரும்பிப் பார்ப்பாள். அப்படிப் பழகிய கண் எனக்கும். கொம்பியூட்டர் படித்தால் கண் மாறிவிடுமா என்ன?

"சிக்னல் இல்ல சித்தப்பா, படம் கட்டங்கட்டமாத்தான் வருது. கத்தரிப்பூக் கலர் நைட்டி. மஞ்சள் போட்டது."

மழைச் சத்தத்துக்கு மேலே சித்தப்பா சொன்னார், "அவளோடதுதான். புவாட் நானாகிட்ட போன மாசம் எடுத்தா."

ஸில்மியா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "நிரோஷா, முகத்த மட்டும் வெட்டிப் பெருசாக்கிப் பாரு. ஒரு கட்டளதானே, ஒரு நிமிசம்தான் போகும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. முகத்தை மட்டும் திரை முழுக்க விரித்தால் கண்ணும் மூக்கும் வந்திருக்கும். எனக்குத் தெரியாத வித்தையா அது? அந்தப் புரோகிராமை அங்கே போட்டு வைத்ததே நான்தான். ஆனால் கை போகவில்லை. என் சித்தியின் செத்த முகத்தைக் கட்டம் கட்டமாக, கண் இமை, மூக்கு, வாய் என்று வரி வரியாக வரக் காத்திருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"நீ வாய மூடிக்கிட்டு இரு! ஒன் சித்தியா அங்க கெடக்குது?" என்று கத்தினேன். ஸில்மியா ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"நல்லாப் பாத்தியா புள்ள? மெதுவாப் பாரு, டைம் இருக்கு" என்றார் சித்தப்பா.

"பாத்துட்டேன் சித்தப்பா. சித்திதான்."

"ஹரித?" என்று, சரிதானா என்று, அந்தப் பக்கம் அதிகாரியின் குரல் கேட்டது.

"ஹரி, மஹத்தயா" என்றார் சித்தப்பா.

கொஞ்ச நேரத்தில் மெசின் உறுமுகிற சத்தம் போனுக்குள் வந்தது. அவர் கோலை வைக்க மறந்துவிட்டார் போல. அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும்வரை நானும் வைக்கவில்லை.

வியாழன் பின்னேரம் தண்ணீர் வடிந்தது, சிக்னலும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமே என்று அந்தப் படத்தைத் திறந்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பிள்ளை. மூக்குத்தி போட்டிருந்தாள். கத்தரிப்பூ நைட்டி, மஞ்சள் பூ. ஐயோ கடவுளே, நான் அவளை அதற்குமுன் பார்த்ததே இல்லை. சித்திக்கு ஐம்பத்திரண்டு வயது.

லயம் லயமாகத் துணி விற்க வருகிற புவாட் நானா ஒரு கட்டுத் துணி கொண்டுவந்தால் எங்கள் மலையில் ஆறு பேரும் பக்கத்து மலையில் எட்டுப் பேரும் அதே நைட்டியோடு நிற்பார்கள். இது தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? பைப்படியில் வரிசையாக ஒரே பூவோடு நிற்கிற பெண்களைப் பார்த்து, "என்னா, இஸ்கூல் யூனிபோமா?" என்று கிண்டல் பண்ணியவள் நான். அந்த ஒரு பகலில் அது என் புத்திக்கு எட்டவில்லை. மடச்சி!

சித்தப்பாவுக்குச் சொன்னேன். "அது சித்தி இல்ல சித்தப்பா" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவர் போனை வைத்துவிட்டார். மெசின் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, திரும்பி வர வழியில்லை. அவரும், அவர் மகன் சதீஸும், மிச்சம் இருந்த ஆம்பிளைகளும் மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

நான் வெள்ளிக்கிழமை காலையில் உடைந்த ரோட்டில் நடந்தே போய்ச் சேர்ந்தேன். பத்து மணிபோல சித்தியைக் கண்டுபிடித்தார்கள். கூரைத் தகரமும் அலுமாரியும் சரிந்து ஒன்றையொன்று தாங்கி நின்ற இடுக்கில், சமையலறை மூலையில், சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுற்றி, இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார். செத்தவர்கள் காலுக்குக் கட்டுப் போடுவார்களா? வியாழன் காலைவரை உயிர் இருந்திருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னார். மெசின் போனது புதன் பகலிலேயே.

ஸ்கூல் கட்டடத்தில் சித்தியைக் கிடத்தினார்கள். பொம்பளைகள் மாரடித்து அழுதார்கள். யாரோ ஒரு கிழவி என்னைக் காட்டி, "இது கண்ணு அவிஞ்சா கெடந்துச்சு?" என்று கேட்டாள். சித்தப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"புள்ளய ஒன்னும் சொல்லாதீங்க. சிக்னலு இல்ல. படம் கட்டங்கட்டமாத்தான் வந்துச்சாம். அது என்னா செய்யும் பாவம்?" என்றார். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். தோட்டத் தலைவர் அழகமுத்து வந்தபோதும் சொன்னார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ சொன்னபோது என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"தெளிவாக்கிப் பாத்திருக்கலாம் சித்தப்பா. முகத்த மட்டும் பெருசாக்க முடியும். எனக்குத் தெரியும். பாக்கப் பயந்துகிட்டு நா பாக்கல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நகமெல்லாம் மண்.

"எவ்வளவு நேரம் போயிருக்கும்?"

"ஒரு நிமிசம்."

"நா ஒன்னய அவசரப்படுத்துனேனா புள்ள?"

அப்படிக் கேட்டபோது அவர் முகம் கெஞ்சியது. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்த மனுசன் எதிர்பார்த்தார். ஆமாம் என்றால் பாதிப் பழியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதிக்கு என்னை மன்னித்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்.

"இல்ல சித்தப்பா. நீங்க மெதுவாப் பாக்கத்தான் சொன்னீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து போய்ச் சித்தியின் கால்மாட்டில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவர் பதில் சொல்லவில்லை.