பிராக்கெட்டின் பாதி

ஈஸ்வரமூர்த்தியின் அம்பாசிடர் கார் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, காளிச்சாமி பற்றுவைத்த பம்பு உடல் ஒன்றைக் கரி நெருப்பிலிருந்து எடுத்துச் சாம்பல் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். வார்ப்பிரும்பை ஒட்டியபின் வெளியே வைத்து ஆறவிட்டால் பக்கத்திலேயே வேறோர் இடத்தில் வெடிக்கும். சாம்பலுக்குள் ஒரு நாள் கிடந்து மெல்ல ஆற வேண்டும். மண்வெட்டியால் மூடிவிட்டு நிமிர்ந்தவன், மரமில் முதலாளி தானே டிக்கியைத் திறந்து ஒரு சாக்கு மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்குவதைப் பார்த்தான். அப்போதே அவனுக்கு என்னவோ போலிருந்தது. வடகரப்பதியில் பட்டறை போட்ட இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த மில்லின் உடைசல்கள் எல்லாம் மாட்டுவண்டியில்தான் வந்திருக்கின்றன. முதலாளி ஒருநாளும் வந்ததில்லை. இன்று டிரைவர்கூட இல்லை.

"சின்னையன் பண்ணுன வேலையப் பாத்தியா" என்று அவர் மூட்டையைப் பிரித்தார்.

இழைப்பு மிஷினின் பிராக்கெட். கத்தி உருளையை ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்கும் கை அது. அடிப்பாகம் ஒரு துண்டாகவும், பேரிங் உட்காரும் வளையம் ஒரு துண்டாகவும் முறிந்திருந்தது. மலையில் ஒரு எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டி செய்ய வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்த மிஷின். நாலு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்வரமூர்த்தி அதை வாங்கி லாரியில் இறக்கினார். போன வெள்ளிக்கிழமை ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கை முறிந்து, உருளை துள்ளி, மிஷின் ஓட்டிய சின்னையனின் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. ஊருக்கே தெரிந்த சேதிதான்.

"ஞாயித்துக்கெழம லீவு கேட்டுக் கொடி புடிச்சானல்லோ, அந்தக் காட்டம். சுத்தியல்ல ஓங்கிப் போட்டிருக்கறான். தழும்பு பாரு."

தழும்பு இருந்தது. அடிப்பாகத்தின் தோளில், பச்சைப் பெயிண்ட் பெயர்ந்து காசளவுக்கு இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

"வியாழக்கெழம லேபர் ஆபீசர் அன்வேஷணம்னு வெசாரிக்க வர்றாரு. அதுக்குள்ள ஒட்டிக் குடுத்துரு. மொதல்ல ஒடஞ்ச மொகத்த நல்லா அரச்சுரு."

இரண்டு விளிம்பையும் சாணையில் சாய்வாக அரைத்த பிறகுதான் இடையில் பித்தளை ஓட்ட முடியும். அது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலை அல்ல. பிறகு எதற்கு இவர் சொல்கிறார்? கார் திரும்பிப் போகிறவரை காளிச்சாமி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். புழுதி அடங்கியதும் வளையத் துண்டைத் தூக்கி வெயிலில் திருப்பினான்.

புதிதாக முறிந்த வார்ப்பிரும்பு உடைத்த சர்க்கரைக் கட்டிபோல மணிமணியாகச் சாம்பல் நிறத்தில் மின்னும். இந்த முகத்தில் அந்த மினுமினுப்பு ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் கறுப்பு. எண்ணெயும் மரத்தூளும் துருவும் இறுகிப்போன கறுப்பு. விளிம்பிலிருந்து உள்ளே நகக்கண் ஆழத்துக்குப் பச்சைப் பெயிண்ட் இறங்கியிருந்தது. மில் மிஷின்களுக்கு ஆயுத பூஜைக்கு அந்தப் பெயிண்ட் அடித்தார்கள். இப்போது பங்குனி. அப்படியானால் ஆறு மாதத்துக்கு முன்னாலேயே விரிசல் வாயைப் பிளந்துகொண்டிருந்திருக்கிறது. பெயிண்ட் குடிக்கும் அளவுக்கு.

சாணையின் சுவிட்சில் கை வைத்தான். அரைத்தால் ஒரு நிமிஷம். கறுப்பும் பச்சையும் பொறியாகப் பறந்துவிடும். தோளில் இருக்கும் தழும்பு மட்டும் மிஞ்சும். அவன் கையை எடுத்துவிட்டான்.

மனைவி நாச்சம்மாளிடம் சொன்னபோது அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏனுங்க, நாம ஒட்டறவீங்க. ஒடச்சது ஆருன்னு நாம எதுக்குங்க பாக்கோணும்? பட்டற நிக்கற எடம் ஆரோடதுன்னு மறந்து போச்சுங்களா?"

"நானாப் போயிப் பாக்குல புள்ள. அதா கண்ணுல படுது."

மறுநாள் காலை பஸ் ஏறி சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனான். சின்னையன் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் அணைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காளிச்சாமியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"மொதலாளி அனுப்புனாருங்களா?"

"இல்ல சின்னையா. பிராக்கெட்டு எங்கிட்டத்தான் இருக்குது. அதான் கேக்கலாமுன்னு வந்தேன். சுத்தியல்ல அடிச்சயா?"

சின்னையன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தட்டிக் காமிச்சேனுங்ணா. ஆயுத பூசைக்கு முந்தியே. நல்ல இரும்புன்னா மணியாட்டங் கேக்கும். இது ஓட்டப் பானையாட்டங் கேட்டுது. மொதலாளி நின்னு கேட்டாருங்க. 'பெயிண்ட அடிச்சு ஓட்டுடா, ஆர்டரு முடியட்டும்'னாரு."

காளிச்சாமிக்கு மூச்சு லேசானது. அடுத்த கணமே வேறொன்று உறுத்தியது.

"பூசைக்கு முந்தி தட்டுனதுன்னா தழும்பு மேல பெயிண்டு இருக்கோணுமே. இல்லையே."

சின்னையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே யாரோ போர்வையை உதறிக் காயப்போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுக்காவும் தட்டுனேனுங்ணா. போன மாசம்" என்றான் கடைசியில்.

அந்தப் பதில் வர எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் காளிச்சாமி பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தான். ஏற்கெனவே விரிசல் விட்ட இரும்பு என்று தெரிந்தவன் ஒரே அடியில் அதை முடித்துவைக்கலாம். ஆனால் முடித்துவைக்கிறவன் அதன் எதிரிலேயே கையை வைத்துக்கொண்டு நிற்பானா? ஒருவேளை அப்போதே உடையும் என்று எதிர்பார்த்து, உடையாமல் போனதா? முதலாளியைச் சந்தேகப்பட்ட மனது இப்போது அடிபட்டவனையும் விடவில்லை. விரல் போனவனைப் பார்த்துவிட்டு வரும்போது இப்படி நினைக்கிறோமே என்று கூசியது. நினைப்பு நிற்கவில்லை.

பட்டறை வாசலில் அம்பாசிடர் நின்றது. காளிச்சாமி பின்பக்க வேலியில் நுழைந்து, வளையத் துண்டைச் சாம்பல் குழியின் ஆறிய ஓரத்தில் புதைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"சித்தூருக்குப் போயிருந்தயாமா?" ஈஸ்வரமூர்த்தி சிரித்தபடிதான் கேட்டார்.

"வெல்டிங் காஸுக்குக் கார்பைடு வாங்கப் போனேனுங்க."

"எங்க கார்பைடு?"

"சரக்கு வரலீங்களாமா."

அவர் பெஞ்சில் கிடந்த அடித்துண்டைப் புரட்டிப் பார்த்தார். "இத இன்னும் அரைக்கலியே. இன்னொண்ணு எங்க?"

"அரச்சு நெருப்புல சூடு பண்ணி வெச்சிருக்குதுங்க. குழிக்குள்ள. இப்ப எடுத்தா வெடிச்சுரும்."

ஈஸ்வரமூர்த்தி குழியோரம் குந்தி, நடுச் சாம்பலின் மேல் உள்ளங்கையைப் பரப்பினார். நேற்றுப் புதைத்த பம்பின் வெக்கை இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அவர் செருப்பு நுனிக்கு ஒரு சாண் தள்ளித்தான் வளையத் துண்டு சில்லென்று கிடந்தது.  காளிச்சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டான்.

"செரி. இந்தத் துண்ட நம்ம மில்லுச் சாணையிலயே நானே அரச்சு வெக்கிறேன். நாளைக்கி வந்து ஒட்டிக் குடு" என்று அடித்துண்டைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்துமுன் கூரைத் தகரத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "எடம் பத்துதா காளிச்சாமி? சௌகரியமா இருக்குதல்ல?"

மறுநாள் காளிச்சாமி போகவில்லை. காய்ச்சல் என்று நாச்சம்மாள் ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். அனுப்பிவிட்டுச் சாயங்காலம்வரை அவனோடு பேசவில்லை.

வியாழக்கிழமை, சாக்கில் சுற்றிய வளையத் துண்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனான். மில் ஆபீஸ் அறையில் பாலக்காட்டிலிருந்து வந்த ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னையன் கட்டுக்கையோடு சுவரில் சாய்ந்து நின்றான். மேஜையில் அடித்துண்டு இருந்தது. தழும்பு மேலே தெரிய, முறிந்த முகம் வெள்ளி மாதிரி வழவழவென்று அரைபட்டிருந்தது.

"ஒட்டறதுக்காக அரச்சது சார். இன்னொண்ணும் அப்படித்தான், இவங்கிட்ட..." என்று சொல்லிக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தி சாக்கு அவிழ்வதைப் பார்த்து நிறுத்தினார்.

ஆபீசர் கறுத்த முகத்தின் மேல் விரலை ஓட்டினார். பச்சை இருந்த இடத்தில் நகத்தால் சுரண்டினார். ஈஸ்வரமூர்த்தி காளிச்சாமியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த அடியிலயா இது முறிஞ்சது? நிங்கள் பறயணும், நீங்க சொல்லணும்" என்றார் ஆபீசர் காளிச்சாமியிடம்.

 சின்னையனின் கண்கள் தன் மேல் குத்தி நிற்பதைக் காளிச்சாமி உணர்ந்தான். அதில் நன்றி எதுவும் இல்லை.

"விரிசல் பழசுங்க. ஆயுத பூசைக்கு முந்துனது. அடி புதுசுங்க. எதுக்கு அடிச்சதுன்னு இரும்புல தெரியாதுங்க."

 ஆபீசர் எழுதுவதை நிறுத்தி, இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்திப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. சின்னையன் முன்னால் வந்து, தன் இடது கையால் வளையத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பி அழுத்தினான். ஒரு முனை தொட்டால் மறுமுனை விலகியது. நடுவில் அரைபட்டுப்போன விரல் அகல இடைவெளி வழியாக, அடியில் விரித்திருந்த காகிதத்தின் வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்தது. அவன் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தான்.