காற்றில் வந்த முதல் தொலைநகல்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொக்லைன் வந்து நின்றபோது, பாவாயி அதன் பக்கெட்டுக்கு நேர் எதிரே, தன் சாமைக்காட்டின் வரப்பில் குந்தியிருந்தாள்.

"யம்மா, எழுந்து போ. பக்கெட்டுக்குக் கண்ணு கெடையாது" என்றான் வண்டி ஓட்டும் சுபாஷ்.

"ஒனுக்குக் கண்ணு கீதில்ல? கதிரு தெரியுதா, இல்லியா?"

தெரிந்தது. பால் பிடித்து, தலை சாய்த்து நின்ற கதிர். அறுவடைக்கு இன்னும் பத்து நாள். விழாவுக்கு எட்டு நாள்.

விழா எடுப்பவர் தெய்வசிகாமணி, 'மின்னணு மலைத் திட்ட'த்தின் தனி அலுவலர். கல்வராயன் மலையில் அவருடைய அலுவலகம் இருந்த ஊரில் காற்றடித்தால் கரண்ட் போகும். காற்று நின்றாலும் சிக்னல் வராது. சுற்றுவட்டாரத்தில் நாலு கோடும் நிற்கிற ஒரே இடம், பள்ளத்தாக்கைப் பார்த்த பாவாயியின் முக்கால் ஏக்கர் மேடு. மலை ஜனம் கள்ளக்குறிச்சியில் யாரோடாவது பேச வேண்டுமென்றால் அங்கேதான் வந்து நிற்கும். தெய்வசிகாமணி இதை ஆராய்ந்து, அந்த மேட்டில் ஒரு செல்ஃபி பாயிண்ட் அமைத்து, விழா எடுத்துத் திறப்பது என்று முடிவெடுத்தார். ஆளுயரத்துக்கு மலையின் பெயர், பக்கத்தில் சிவப்பு இதயம். விழாவுக்கு மலையேறி வருகிற பெரியவர்கள் படம் பிடித்த கையோடு நெட்டில் ஏற்றிவிடலாம். பட்டா பாவாயி பேரில் இருந்தது. கோப்பில் அதை அவர் 'சிறு குறைபாடு' என்று எழுதினார்.

பாவாயி கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். வக்கீல் இலக்கியா சென்னைக்கு ஏறி, மேல்முறையீட்டு அலுவலகத்தில் தடை உத்தரவு வாங்கினாள். வியாழக்கிழமை சாயங்காலமே அதன் படம் தமிழ்ப்ரியாவின் போனுக்கு வந்துவிட்டது. தமிழ்ப்ரியா பாவாயியின் அண்ணன் மகள், ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். இருவரும் போனைத் தூக்கிக்கொண்டு தனி அலுவலரிடம் ஓடினார்கள்.

"வாட்ஸ்அப்பெல்லாம் சட்டத்துல நிக்காதும்மா. ஆபீஸ் ஃபேக்ஸுக்கு வரணும், அப்பதான் ஏத்துக்குவேன்" என்றார் அவர். அன்று காலைதான் அவருக்கு வாட்ஸ்அப்பில் இடமாறுதல் வந்து, மதியம் வாட்ஸ்அப்பிலேயே ரத்தாகியிருந்தது. இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

அலுவலகத்து ஃபேக்ஸுக்கு ஒன்றும் வராது என்பது அவருக்குத் தெரியும். டெலிபோன் கம்பி மூன்று வருஷமாக மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக அவர் ஒரு கருவி வாங்கியிருந்தார். ஆண்டெனா வைத்த ஒரு டப்பா. அதற்குள் சிம் கார்டு. டப்பாவிலிருந்து ஃபேக்ஸ் மெஷினுக்கு ஒரு ஒயர். செல்போன் டவர் வழியாகவே கடிதம் வந்து தாளில் விழும். ரிப்பன் வெட்டினார், பேப்பரில் படம் வந்தது. பிறகு சிக்னல் இல்லாத அறையில், பிளாஸ்டிக் உறை போர்த்தி, அதைப் பத்திரமாக வைத்துவிட்டார்.

ஆனால் விழாவில் பெரியவர்கள் கண்முன்னே அதில் ஒரு கடிதம் வந்து விழ வேண்டாமா? அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டாமா? எனவே வெள்ளிக்கிழமை காலை பொக்லைனோடு சாமியானா பந்தலும் வந்தது. பந்தலுக்கடியில் மேஜை, மேஜைமேல் மெஷின், ஜீப்பில் பேட்டரி. டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது.

தமிழ்ப்ரியா அந்த விளக்கைப் பார்த்தாள். உடனே சென்னையிலிருந்த வக்கீலைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மெஷினத் தூக்கியாந்து அத்தே காட்டுலயே வச்சிக்கினு கீறாங்க. ஃபுல் சிக்னலு. ஒடனே ஃபேக்ஸ் போடச் சொல்லுங்க."

பத்து நாற்பதுக்கு மெஷின் அலறியது. தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னே நின்றார். சளி பிடித்த நாதஸ்வரம்போல ஒரு சத்தம். பிறகு ஒரு தாள், குப்புறக் கவிழ்ந்தபடி, தயங்கித் தயங்கி வெளியே வந்தது. அனுப்பியவர் நம்பர் 044 என்று மெஷினில் தெரிந்தது. படிப்பது கிளார்க்கின் வேலை. அதனால் அவர் அதைப் புரட்டவில்லை. முதுகுப்பக்கத்திலேயே பச்சை மையில் 'பெறப்பட்டது, வரிசை எண் 1' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜீப் டிரைவரிடம் படம் எடுக்கச் சொன்னார். 'மலையில் காற்றில் வந்த முதல் தொலைநகல்! சென்னையிலிருந்து நேராக!' என்று மூன்று குரூப்பில் போட்டார்.

அதன்பின் திருப்பிப் பார்த்தார். தாள் வெள்ளையாக இருந்தது. உச்சியில் ஒரே ஒரு வரி: அனுப்பிய நம்பர், தேதி, மணி.

தமிழ்ப்ரியா மறுபடி போன் போட்டாள். சென்னையில் மேல்முறையீட்டு அலுவலகத்துக் கிளார்க் தாளைத் தலைகீழாக, எழுத்தில்லாத பக்கம் உள்ளே போகும்படி வைத்துவிட்டு டீக்குப் போய்விட்டாராம். வர அரை மணி ஆகும்.

தெய்வசிகாமணி சிரித்தார். "பாத்துக்கம்மா. மேலிடத்துல எனக்கு எதிரா ஒரு எழுத்துகூட இல்ல. சுபாஷ், எட்றா வண்டிய."

இன்ஜின் உறுமியது. பாவாயி குந்தியிருந்தவள் இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வெறுந்தாளுக்குக் கையெழுத்து போட்டது நீங்களா, நானா? வந்துச்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு, வரலன்னு எங்கிட்ட சொல்றீங்க. வண்டி வரட்டும். நான் எங்கியும் போவல."

"சார், டீசலு வேஸ்ட்டாவுது. பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று சுபாஷ் இன்ஜினை அணைத்தான். ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மண் அள்ளுவதற்கு அவனுக்குத் தனி வாடகை பேசவில்லை.

அப்போது தெய்வசிகாமணியின் போன் அடித்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து மேலதிகாரி தங்கமணி அம்மாள். பாராட்டு எல்லோர் காதிலும் விழட்டும் என்று அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"தெய்வசிகாமணி, படம் பாத்தேன். பிரமாதம். சென்னையில எந்த ஆபீஸ்?"

"மேல்முறையீட்டு ஆபீஸ், மேடம்."

"எழுத்து ஒழுங்கா விழுதா? போன வருஷம் ஒருத்தர் வாங்கின மெஷின்ல வெள்ளைத்தாளாவே வந்துச்சு. அவர் இன்னும் விளக்கம் எழுதிக்கினு இருக்கார்."

தெய்வசிகாமணி வெள்ளைத்தாளைப் பார்த்தார்.

"முத்து முத்தா விழுது, மேடம்."

"நல்லது. என்ன வந்திருக்கு? படிங்க."

மேட்டில் காற்று அடித்தது. பந்தல் துணி படபடத்தது. டிரைவர் ஜீப்பின் டயரை உற்றுப் பார்த்தான்.

"படிங்க சார். எனுக்கும் காது நல்லாவே கேக்கும்" என்றாள் பாவாயி, உட்கார்ந்த இடத்திலிருந்து.

தமிழ்ப்ரியா அவர் பக்கத்தில் போய் நின்று, தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். எழுத்தைப் பெரிதாக்கியும் கொடுத்தாள். வலது கையில் வெள்ளைத்தாளைப் பிடித்தபடி, கண்ணைப் போனில் வைத்து, தனி அலுவலர் படித்தார். "மனுதாரர் பாவாயி... அன்னாரின் பட்டா நிலத்தில்... மறு விசாரணை வரை... நிற்கும் பயிரிலோ நிலத்திலோ எவ்விதப் பணியும்..."

"செய்யக் கூடாது" என்று தமிழ்ப்ரியா எடுத்துக் கொடுத்தாள்.

"செய்யக் கூடாது, மேடம்."

"நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க, தெய்வசிகாமணி?"

"நிலத்துல, மேடம்."

"வெளிய வாங்க."

போன் வைக்கப்பட்டது. சுபாஷ் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வண்டியைப் பின்னால் எடுத்தான். பாவாயி எழுந்து முந்தானையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"பந்தக்காலு நாலும் சாமைக்குள்ள நிக்குது. மொதல்ல அதப் புடுங்கச் சொல்லுங்க."

டிரைவர் கால்களைப் பிடுங்கினான். மேஜையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததால், மறுமுனையைத் தனி அலுவலரே பிடித்தார்.

"அந்தாண்ட இல்ல சார்" என்றாள் பாவாயி. "கதிரு மேல கால வைக்காம, வரப்புல நடங்க."