சுவருக்கு அந்தப் பக்கத்து நிழல்

அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்து, முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள். சமையலறை யாருக்கு என்பதில் மூண்ட சண்டையில் ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஆண்கள் மறுநாளே தெருமுனையில் ஒன்றாகத் தேநீர் குடித்தார்கள். பெண்கள்தான் வாயைத் தைத்துக்கொண்டார்கள். மூத்தவளுக்குத் தொழிலே தையல்.

தன் பங்கு முற்றம் மொட்டையாகக் கிடப்பது மூத்தவளை உறுத்தியது. செல்போனில் படம் படமாகத் தள்ளிப் பார்த்தவள், அரக்கில் வார்த்தது போன்ற சிவப்பு ஆந்தூரியப் பூவில் மனதைப் பறிகொடுத்து நாலு தொட்டிக்குச் சொல்லிவிட்டாள்.

வந்த சில நாட்களிலேயே செடிகளின் இலைகள் வெளுத்து, ஓரம் கருகின. தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் வதங்கின. ஒரு மதியம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். இளையவள் வீட்டை ஒட்டிய மாடிக் கட்டடத்தின் நிழல் அவள் முற்றத்தை முழுக்கப் போர்த்தி, சுவரோடு நின்றுவிட்டது. இவள் பக்கம் வெயில் பொரித்தெடுத்தது.

அந்நேரம் அப்பாலிருந்து இளையவளின் குரல். புருஷனிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"ஆசை ஆசையா ரோஜா வரவழைச்சேன். குச்சி குச்சியா வளருது, ஒரு மொட்டைக் காணோம்!"

வெயில் படாமல் ரோஜா எப்படிப் பூக்கும்? சொல்ல மூத்தவளுக்கு நாக்கு துடித்தது. முதலில் பேசினால் இறங்கிப்போனதாகிவிடும் என்று ஒரு மனம். கண்ணெதிரே செடி சாகிறதே என்று இன்னொரு மனம். கடைசியில் ஒரு தொட்டியைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தாள்.

"இந்தாம்மா, இது நிழல் கேக்குற செடி. உன் பக்கம் வெச்சுக்கோ."

தொட்டி அங்கேயே இருந்தது. பிடித்திருந்த கை வலித்தது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று தொட்டியை இறக்கப்போனாள். அதற்குள் அந்தப் பக்கமிருந்து ஒரு கை அதைப் பற்றியது.

"என்னக்கா, செடியை இப்படி வறுத்து வெச்சிருக்கீங்க?"

"நீ மட்டும் என்னவாம்? ரோஜாவை இருட்டுல பூட்டி வெச்சிருக்க!"

இளையவள் சிரிக்கவில்லை. ஆனாலும் ரோஜாத் தொட்டிகள் ஒவ்வொன்றாகச் சுவரேறி வந்தன; மிச்ச ஆந்தூரியங்களும் அந்தப் பக்கம் போயின.

ஆந்தூரியத்தில் ஒன்று பிழைக்கவில்லை. மற்றவை தேறின. ரோஜாவும் மொட்டு விட்டது. சமையலறைப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. அந்தப் புண் ஆற நாளாகும் என்று மூத்தவளுக்குத் தெரியும். தொட்டுப் பார்க்க அவளுக்கும் தைரியமில்லை.

மழைக்காலம் நெருங்கிய ஒரு நாள், இளையவள் செல்போனோடு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அடுக்குச் செம்பருத்தி வந்திருக்காம். மஞ்சள் சொல்லவா, ஆரஞ்சு சொல்லவா?"

"வெள்ளை சொல்லு."

"வெள்ளையா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்க்கா!"

மூத்தவள் விடவில்லை. இளையவளும் விடவில்லை. சண்டை போடக்கூட ஆளில்லாமல் இத்தனை மாதம் எப்படிக் கழித்தோம் என்று மூத்தவளுக்கே வியப்பாக இருந்தது. பொழுது சாய்ந்தது. அன்றைக்கு ஒரு செடிக்கும் ஆர்டர் போகவில்லை.