இருபத்தெட்டு நாள் ஊறவைத்த கதை

1.

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு கதை சொல்லப்போகிறேன். நடந்தது முக்கால்வாசி, நான் சேர்த்தது கால்வாசி. எது எந்தப் பங்கு என்று கேட்டால் மட்டும் எனக்குக் காது கேட்காது.

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யோசித்துப் பிடித்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் வந்தது. பேசியவள் என் தங்கை மகள். பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவள். நலம் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"பெரியம்மா, ஒரு கதையை இருபத்தெட்டு நாள் தண்ணியில ஊறவைக்க முடியுமா?"

"எதுக்குடி? துவைக்கவா?"

"சிரிக்காதீங்க. பாடத்திட்டத்துல இருக்கு. நான்தான் எழுதினேன்."

"நீ எழுதினதுக்கு என்கிட்ட எதுக்கு அர்த்தம் கேக்கறே?"

"நான் எழுதலையே, அதான் பிரச்சினை" என்றாள்.

கையிலிருந்த துணியை அப்படியே போட்டேன். இப்படி ஒரு பதில் வந்தால் எந்தக் கதைக்காரிக்குத்தான் துணி மடிக்கத் தோன்றும்?

2.

எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "பல்கலைக்கழகத்தின் நீண்ட தாழ்வாரத்தில் பொன்னிற மாலை வெயில் சாய்ந்து கிடக்க, அவள் மெல்ல —"

(அடித்துவிட்டேன். அந்தத் தாழ்வாரத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெயில் நுழைய அங்கே இடமில்லை. இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள், ஒவ்வோர் அலமாரியின் தலையிலும் கால் உடைந்த ஒரு நாற்காலி.)

இரண்டாம் தொடக்கம்: "கல்வி என்பது —"

(மன்னித்துவிடுங்கள். இனி வராது.)

மூன்றாவது, இதுவே நிற்கட்டும்: துறையில் அவளுக்குப் பெயர் தற்காலிகம்.

பதினோரு வருடமாக அவள் தற்காலிக விரிவுரையாளர். தட்டச்சர் வைத்த பட்டப்பெயர் அது. இப்போது துறைத்தலைவரே வாய்தவறி அப்படிக் கூப்பிடுகிறார். அவளுக்கென்று தனி மேசை கிடையாது. துறையின் அச்சு இயந்திரம் இருக்கும் மேசையில் பாதி அவளுடையது. யாராவது அச்செடுத்தால் காகிதம் வெளியே வர வழிவிட்டு இடது முழங்கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பதினோரு வருடப் பழக்கத்தில், சாப்பாட்டு மேசையிலும் அந்தக் கை தானாக உயரும். நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"கதை சொல்லும் கலைன்னு புதுசா ஒரு பாடம் வருதும்மா. திங்கக்கிழமை கமிட்டி. அலகு, மணி நேரம், கற்றல் விளைவு, செய்முறை, நூல்பட்டியல், மதிப்பெண், எல்லாம் முழுசா வேணும்."

"நாலு நாள்லயா சார்?"

"பாடம் பாஸானா அது உங்களோடது. அது இருக்கிறவரைக்கும் நீங்களும் இருப்பீங்க. ஆகலேன்னா இந்த வருஷத்தோட சரி. மேல இருந்து சொல்லிட்டாங்க."

3.

நான் நினைத்திருந்தேன், பாடத்திட்டம் என்றால் படித்தவர்கள் வெள்ளைத்தாளை எதிரே வைத்து, பேனாவைக் கடித்து, யோசித்து எழுதுவார்கள் என்று. இல்லையாம். படிவத்தில் நாற்பத்தொரு கட்டங்கள். ஒன்றைத் தொட்டால் மற்ற நாற்பதும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். அதனால் யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே தேறிய வேறொரு பாடத்தின் கோப்பை எடுத்து, உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்வார்கள்.

தட்டச்சர் ஒரு கோப்பைத் திறந்து கொடுத்தார். பக்கத்துத் துறையின் 'கான்கிரீட் தொழில்நுட்பம்.'

"ராசியான ஃபைல் மேடம். மூணு தடவ கமிட்டிக்குப் போயிருக்கு, ஒரு கேள்வி வரல."

"இதுல கதைய எங்க வைக்கிறது?"

"எதுக்கு வைக்கணும்? கான்கிரீட்ட எடுத்துட்டு கதைய போட்டா முடிஞ்சுது."

ஒரு விசையைத் தட்டினார். கண் சிமிட்டும் நேரத்தில் நூற்றுப்பன்னிரண்டு இடங்களில் கான்கிரீட் கதையாயிற்று.

அவள் மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். 'கதையின் அடித்தளம்.' சரிதான். 'கதையில் நீர் அதிகமானால் வலுக் குறையும்.' தலையாட்டினாள். 'கதையில் விரிசல்: காரணங்களும் தடுப்பும்.' தானே எழுதியிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது என்று தோன்றியது. அங்கேதான் சறுக்கினாள். சரியாக இருக்கிறதே என்ற நிம்மதியில், மீதி நேரத்தையெல்லாம் தானாக எழுதும் பகுதிகளுக்குக் கொடுத்தாள். 'மௌனம்' என்று மூன்று மணி நேரம். 'கேட்பவர்' என்று ஓர் அலகு முழுவதும்.* ஐந்தாம் அலகின் செய்முறையை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

(* கற்றல் விளைவில் 'கேட்பவர் மனம் இளகும்படி மாணவர் கதை சொல்வர்' என்று எழுதினாள். "இளகுறது லிஸ்ட்ல இல்ல மேடம், அளக்கிற மாதிரி வினை வேணும்" என்றார் தட்டச்சர். 'கேட்பவரின் மன இளக்கத்தை மாணவர் அளவிடுவர்' என்று திருத்தினாள். உங்கள் மனம் இதுவரை எவ்வளவு இளகியது என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. பின்னால் வாங்கிக்கொள்கிறேன்.)

4.

கூட்டத்தில் ஏழு பேர், பிஸ்கட் தட்டு எட்டு. அவளுடைய பாடம் பதினேழாவதாக வந்தது.

"மௌனம், மூணு மணி நேரம்" என்று ஓர் உறுப்பினர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "சும்மா இருக்கிறதுக்கு மதிப்பெண்ணா? அத பசங்க தானாவே நல்லா பண்றாங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். மௌனம் போயிற்று.

"கேட்பவர்னு ஒரு அலகு எதுக்கு? பாடம் சொல்றவங்களுக்குத்தானே?"

கேட்பவரும் போனார். அவள் தன் கையால் எழுதியது ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கான்கிரீட்டில் ஒரு கீறல் விழவில்லை.

அப்போது துறைத்தலைவர் ஐந்தாம் அலகை உரக்க வாசித்தார்: "செய்முறை. கதை மாதிரிகளை அச்சில் வார்த்து, இருபத்தெட்டு நாள் நீரில் ஊறவைத்து, உடையும்வரை சுமையேற்றித் தாங்குதிறனைச் சோதித்தல்."

அவளுடைய இடது முழங்கை தானாக உயர்ந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் வெளியிலிருந்து வந்திருந்த சிறப்பு உறுப்பினர், அதுவரை பிஸ்கட்டில் ஆழ்ந்திருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடடா! நீர்னா என்ன? காலம்! இருபத்தெட்டுன்னா? நிலாவோட சுற்று! இதத்தான் நான் பதினஞ்சு வருஷமா கத்திட்டிருக்கேன். எங்கிருந்தும்மா எடுத்தீங்க இத?"

"அது... ஒரு பழைய ஃபைல்ல இருந்துது சார்."

"பாத்தீங்களா? மரபு!" என்று மேசையைத் தட்டினார்.

பாடம் நிறைவேறியது. மேசையைத் தட்டியதில் ஒரு பிஸ்கட் உடைந்ததாகத் தட்டச்சர் சொல்கிறார். கூட்டக் குறிப்பில் அது இல்லை.

5.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். துறைத்தலைவருக்கு முறுக்குமீசை வரைந்தேன், பேச்சில் நாலு அதட்டல் சேர்த்தேன். ஒட்டவில்லை. மறுநாள் காலையில் நடந்ததை என் தங்கை மகள் சொன்னபிறகு மீசையை அழித்துவிட்டேன்.

அவள் போய் நின்றாள். "சார், அஞ்சாவது அலகுல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"அந்த ரூம்ல அத படிச்சுட்டு வந்த ஒரே ஆள் நான்தாம்மா."

"அப்புறம் ஏன் சார் சத்தமா வாசிச்சீங்க?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். பழைய ஃபைல்னு சொல்லி நிறுத்திட்டீங்க. சரி, வேலை வேணும்போலன்னு நானும் விட்டுட்டேன்." பேனாவை மூடினார். "இனிமே ஒரு கமா மாத்தணும்னாலும் அடுத்த வருஷக் கூட்டம்தான். மாத்தக் கேட்டா அதுவரைக்கும் பாடத்த நிறுத்திடுவாங்க."

"பாடம் நின்னா நான்?"

அவர் அச்சு இயந்திரம் இருந்த மூலையைப் பார்த்தார். "அங்க உங்க பாதி மேசையில வைக்க இன்னொரு மெஷின் கேட்டிருக்காங்க" என்றார்.

இவரை நல்லவர் பக்கம் சேர்ப்பதா, கெட்டவர் பக்கமா? எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறேன். கால் உடைந்த நாற்காலி.

6.

மாணவர்கள் இருபத்துமூன்று பேர் சேர்ந்தார்கள். செய்முறை வாரம் நெருங்கியது. அப்போதுதான் எனக்கு அந்தத் தொலைபேசி.

"நான் கதையில தண்ணி ஊத்தியிருக்கேன்டி, நிறையவே. ஊறவெச்சதில்ல" என்றேன். வேறென்ன சொல்ல? நான் படித்த பள்ளிக்கூடத்தில் இந்த அலகு வரவில்லை.

அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொருவரும் சொந்தக் கதை ஒன்றை வகுப்புக்கு வெளியே ஒருவரிடம் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு நாள் அதைப்பற்றி மூச்சுவிடக் கூடாது. பிறகு போய், அதே கதையை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். என்ன மிச்சமிருக்கிறதோ, அதுதான் தாங்குதிறன்.

இருபத்தொன்பதாம் நாள் வகுப்பு நிறைந்து வழிந்தது. ஒரு பெண், தான் முன்பு ஒரு தேர்வில் தோற்றதை மறைத்து ஒரு மாதம் தினமும் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பிய கதையைத் தன் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். யாரோ ஒரு தோழிக்கு நடந்ததாகத்தான் சொன்னாள். திருப்பிச் சொன்ன அப்பா ஒரே ஒரு வரி கூட்டியிருந்தார்: "அவங்க அப்பாவுக்கு மொத நாளே தெரியும். அவளா சொல்லட்டும்னு காத்திருந்தாரு."

கமிட்டி வெட்டியெறிந்த மூன்று மணி நேர மௌனத்தில் ஐந்து நிமிடம் அன்று திரும்பி வந்தது.

பிறகு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மேடம், அறிக்கையில உடையும்போது இருந்த சுமைன்னு ஒரு கட்டம் இருக்கே. எத்தன கிலோ போடறது?"

இன்னொருவன் கதை எழுதிய நோட்டைச் செங்கல் அச்சில் அமுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, இருபத்தெட்டாம் நாள் எடுத்து வந்திருந்தான். 'மாதிரி கூழாயிருந்தது, சுமையேற்றுமுன்பே உடைந்தது, தாங்குதிறன் சுழியம்' என்று அழகான கையெழுத்தில் அறிக்கை. கட்டங்கள் அத்தனையும் நிரம்பியிருந்தன.

மதிப்பெண் குழு வாளிக்காரனுக்கு முதலிடம் கொடுத்தது. அங்கீகரித்த வாசகத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றியவன் அவன் ஒருவன்தானாம். அந்தப் பெண்ணுக்குச் செய்முறையில் தோல்வி. சுமைக் கட்டம் காலி.

"திரும்பவும் தோத்துட்டேன் மேடம். இந்தத் தடவ எங்கப்பாகிட்ட நேரா சொல்லிட்டேன்" என்றாளாம், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்குப் பிறகு தற்காலிகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

7.

துறைத்தலைவர் சொன்ன அந்த அடுத்த வருடக் கூட்டம் இன்று காலை பதினொரு மணிக்கு. நிகழ்ச்சி நிரலில் இரண்டு பொருள். ஒன்று: சிறப்பு உறுப்பினரின் யோசனைப்படி இருபத்தெட்டு நாள் ஊறவைக்கும் முறையை எல்லாத் துறைகளுக்கும் கட்டாயமாக்குவது. இரண்டு: அந்த முறையைத் தந்தவளை நிரந்தரமாக்குவது. அவள் பையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் ஒரே வரி: 'ஐந்தாம் அலகின் செய்முறை கான்கிரீட்டுக்கு உரியது, தவறு என்னுடையது, மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்துக.'

நான் மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

அவள் எழுந்து வாசிக்கிறாள். "பிழையே படிமம்!" என்று சிறப்பு உறுப்பினர் மேசையைத் தட்டுகிறார். அந்தப் பெண் தேறுகிறாள். மூலைக்குப் புது இயந்திரம் வருகிறது.

அல்லது, தாள் பையிலேயே இருக்கிறது. அவளுக்குத் தனி மேசை கிடைக்கிறது. முழங்கையை யாரும் தூக்கச் சொல்வதில்லை, ஆனாலும் அது உயர்கிறது. வருடாவருடம் வாளிகள் முதலிடம் வாங்குகின்றன.

அல்லது துறைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத நான் போன வருஷமே —"

(இல்லை. அவருக்கு நான் அவ்வளவு நல்ல நாற்காலி கொடுக்கவில்லை.)

இப்போது மணி பன்னிரண்டரை. தொலைபேசி இன்னும் அடிக்கவில்லை. அடித்தாலும் உங்களிடம் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கதையை உங்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இருபத்தெட்டு நாள் அதைப்பற்றிப் பேசாதீர்கள். பிறகு கேளுங்கள், அவள் எழுந்தாளா, உட்கார்ந்திருந்தாளா என்று. அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் முடிவு. சுமைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் விழாதிருக்கட்டும். கூரை ஒழுகாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் தோற்றுவிட்டு வரும் நாளில், அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்க அந்த வீட்டில் ஒருவர் இருக்கட்டும்.